பழைய கம்ப்யூட்டர், புதிய அகலத்திரை: சேலம் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பட்டா, சாதிச் சான்று, தேர்வு விண்ணப்பம் என்று பல வேலைகள் இன்று போனிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் நீளமான படிவத்தை நிரப்பவும், புல வரைபடத்தைப் பெரிதாகப் பார்க்கவும் பெரிய திரைதான் வசதி. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்போ, பழைய மேசைக் கணினியோ வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். புது மானிட்டர் ஒன்றை இணைத்தால் இன்னும் சில வருஷம் ஓடும்.

நாகலூர் மாதிரி மலைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தப்பான கேபிள் வாங்கி வந்துவிட்டால், அதை மாற்ற ஏற்காடு போய், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மறுபடி சேலம் போகணும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு! அதனால் முதலில் இதைப் படியுங்கள்.

1. கிளம்பும் முன் போட்டோ எடுங்கள்

கணினியின் பின்பக்கத்தை (லேப்டாப் என்றால் இரு பக்கமும்) போனில் தெளிவாகப் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். நீல நிறத்தில் 15 துளைகளோடு இருப்பது விஜிஏ. 1987-இல் வந்த பழைய முறை. தட்டையாக, சிறியதாக இருப்பது எச்டிஎம்ஐ. அகலமாக, பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது டிவிஐ.

கணினியிலும் மானிட்டரிலும் ஒரே வகை இருந்தால் சாதாரண கேபிள் போதும். கணினியில் விஜிஏ மட்டும், மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் "விஜிஏ-விலிருந்து எச்டிஎம்ஐ-க்கு" மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். திசை முக்கியம். "எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு" என்பது வேறு பொருள். அதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. மின்சாரத்துக்கு யுஎஸ்பி வயர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

2. படம் ஏன் இழுபடுகிறது?

பழைய திரையின் அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. புதியது 16-க்கு 9. பழைய 1024 × 768 அளவை அகலத்திரை முழுக்க இழுத்துக் காட்டினால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். வட்டம் முட்டை வடிவமாகும், சதுர நிலம் நீள்சதுரமாகும்.

இதில் ஏமாறாதீர்கள்! பழுது திரையில்தான், கோப்பில் இல்லை. "போட்டோவில் முகம் குண்டாயிருக்கே" என்று அதைக் குறுக்கிச் சேமித்து விண்ணப்பத்தில் ஏற்றினால், அங்கே நிஜமாகவே ஒல்லியான முகம்தான் போய்ச் சேரும். முதலில் திரையைச் சரிசெய்யுங்கள்.

3. சரிசெய்யும் முறை

* லேப்டாப் என்றால் விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்தி, வெளித்திரையைத் தேர்வு செய்யுங்கள்.
* டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, டிஸ்ப்ளே அமைப்பில் ரெசொல்யூஷனைப் பாருங்கள். மானிட்டர் பெட்டியில் போட்டிருக்கும் அளவையே வையுங்கள். பெரும்பாலும் 1920 × 1080.
* அந்த அளவு பட்டியலில் இல்லையா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் "ஸ்டாண்டர்ட் விஜிஏ" அல்லது "மைக்ரோசாஃப்ட் பேசிக்" என்று இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கணினி நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.
* டிரைவர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது விஜிஏ-வின் 12, 15-ஆம் ஊசிகள் வழியாகத்தான். சில மலிவு கேபிள்களில் அவை இருக்காது.
* 1366 × 768 மானிட்டருக்குப் பழைய கணினி 1360 × 768 காட்டலாம். 1366 என்ற எண் எட்டால் வகுபடாததே காரணம். தயங்காமல் அதையே வையுங்கள்.
* "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால், பழைய மானிட்டரை மறுபடி மாட்டி, 1024 × 768, 60 ஹெர்ட்ஸ் என மாற்றிவிட்டுப் புதியதை இணையுங்கள்.
* விஜிஏ-வில் படம் ஒருபக்கம் நகர்ந்தோ மங்கலாகவோ இருந்தால், மானிட்டரின் 'ஆட்டோ' பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள்.

எதுவுமே நடக்கவில்லை என்றால், மானிட்டர் மெனுவில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்குங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். ஆனால் வடிவம் சரியாக இருக்கும்.

எழுத்து பொடியாகத் தெரிகிறதா? ரெசொல்யூஷனைக் குறைக்காதீர்கள். எழுத்தளவை 125 சதவீதம் ஆக்கினால் போதும்.

4. இரண்டு எச்சரிக்கைகள்

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அதில் படிவம் பார்க்கலாம், தட்டச்சு செய்யலாம். வங்கிப் பணம், ஓடிபி வேலையை அப்டேட் ஆன போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய குண்டு மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அதை ஓடையோரமோ காபித் தோட்டத்திலோ வீசாமல், அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.