மழையிலும் பனியிலும் சரக்கு வண்டி: சங்கிலியா, கேபிளா, டயரா?



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் விருத்தாசலம் வட்டாரத்தில் அடைமழைக் காலம். தீபாவளிச் சரக்கும் அதே சமயத்தில்தான் கிராமக் கடைகளுக்குப் போயாக வேண்டும். வேப்பூர், கம்மாபுரம், மங்கலம்பேட்டைப் பக்கம் மளிகை ஏற்றிப் போகும் வண்டி வாய்க்காலோரம் சரிந்தால் சர்க்கரை மூட்டை கரைந்து போகும். ஓட்டுநரின் உயிருக்கும் ஆபத்து. ஜீப், பிக்-அப் வைத்திருக்கும் உறுப்பினர்கள் சிலர், "சக்கரத்துக்குச் சங்கிலி போட்டால் வழுக்காதாமே, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்கான விடையே இந்த மாதப் பாடம்.

முதலில், வழுக்குவது ஏன் என்று பார்ப்போம். பீங்கான் ஊர்க்காரர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள் போன்றவை. தண்ணீர் சேர்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். அதனால்தான் ஜாடியும் அகலும் நாம் நினைத்த வடிவத்துக்கு வருகின்றன. அதே குணம்தான் மழை பெய்த களிமண் பாதையில் டயரை நழுவ விடுகிறது. டயரின் பள்ளங்களில் சேறு அடைத்துக்கொண்டால், புது டயரும் மொட்டை டயர் போல ஆகிவிடும்.

அடுத்து, சங்கிலி. நம் வயலில் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுகிறோம் அல்லவா? அது சேற்றைக் கிழித்துப் பிடிப்பது போலவே, டயர் சங்கிலி பனியையும் சேற்றையும் கிழித்துப் பிடிக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலே, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வழியில், பனி கொட்டும் நாட்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளையும் சங்கிலி மாட்டிய வண்டிகளையும் மட்டுமே அதிகாரிகள் விடுவதுண்டு. ஜம்மு - ஸ்ரீநகர் சாலை பனியால் அடைபட்டால் காஷ்மீர் ஆப்பிள் வரத்து தடைப்பட்டு, நம் ஊர்ப் பழக்கடையிலும் விலை ஏறுகிறது. ஆகவே வடக்கே குளிர்காலத்தில் வண்டி அனுப்புவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

சங்கிலிக்கும் கேபிளுக்கும் உள்ள வேறுபாடு இது:

1. இரும்புச் சங்கிலி கனமானது. ஆழமாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும்.

2. கேபிள் என்பது எஃகுக் கம்பி வடம். எடை குறைவு, மாட்டுவது சுலபம், இடைவெளி குறைந்த வண்டிக்கும் பொருந்தும். பிடிப்பும் ஆயுளும் சங்கிலியைவிடக் குறைவு.

3. எதை வாங்கினாலும், டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பது போல அச்சிட்டிருக்கும் அளவைக் காட்டி, அதற்குரியதையே வாங்க வேண்டும். பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்குப் பின் சக்கரங்களில் மாட்ட வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தயாரிப்பாளர் அதற்கும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே வரம்பு.

4. வெறும் தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சாலையும் கெடும், டயரும் கெடும், சங்கிலியும் அறுந்து வண்டியின் பிரேக் குழாயில் அடிக்கும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் போகக் கூடாது என்று தடை இருப்பதும் சாலை கெடுவதால்தான்.

நம் வண்டிகளோ ஓட்டத்தின் பெரும்பகுதியைத் தார்ச்சாலையிலேயே ஓடுகின்றன. ஆகையால் நமக்குச் சங்கிலி அன்றாடப் பொருள் அல்ல. அதற்குச் செலவிடும் பணத்தை முதலில் டயருக்குச் செலவிடுவதே லாபம். நான்கு சக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். பள்ளத்துக்குள் அடையாள மேடு ஒன்று இருக்கும். டயர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டராவது இருப்பது நலம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த காலத்தைக் காட்டும்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். மண் பாதைக்கே அதிகம் போகிறவர்கள் எம்+எஸ் என்று குறித்த, அகலப் பள்ளமுள்ள டயரைக் கேட்டு வாங்கலாம்.

வண்டி சேற்றில் சிக்கினால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம். சக்கரம் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். பாரத்தை இறக்கி, சக்கரத்தின் முன்னே சேற்றை வாரிவிட்டு, பழைய சாக்கையோ பலகையையோ போட்டு மெதுவாக எடுக்க வேண்டும். சாக்குக்கு நம்மிடம் பஞ்சமா? ஐந்தாறு சாக்கு வண்டியிலேயே கிடக்கட்டும். சாக்கும் பலகையும் பின்னால் எகிறி அடிக்கும். ஆகவே அப்போது வண்டிக்குப் பின்னால் எவரும் நிற்கலாகாது.

கடைசியாக ஒன்று. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சேற்றிலிருந்து கிளம்பத்தான் உதவும். பிரேக் போட்டால் அது மற்ற வண்டிகளைவிட விரைவாக நின்றுவிடாது. நல்ல வண்டி இருக்கிறதே என்ற துணிச்சலில் வேகம் கூட்டுவதுதான் பெரும் ஆபத்து. சரக்கு அரைமணி தாமதமாக வந்தால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். அதை ஓட்டுநரிடம் முதலாளியாகிய நாமே நம் வாயால் சொல்லி அனுப்ப வேண்டும்.

புரட்டாசி முடியுமுன் ஒருநாள் கடை அடைத்தபின் நான்கு டயரையும், ஸ்டெப்னியையும் சேர்த்து, குனிந்து பாருங்கள். வணிகம் செழிக்கட்டும்!