மண்வெட்டி வரட்டும், பேனர் வேண்டாம்

பாளையங்கோட்டை,
27.12.2023

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. உன் சபை வாலிபர் ஐக்கியத்தோடு வெள்ளம் புகுந்த ஏரல் பக்கம் சேறு அள்ள வருகிறாயாமே, உன் அப்பா சொன்னான். சந்தோஷம். போனில் பேசினால் ‘சரி அத்தை, சரி அத்தை’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையில் உங்கள் தெருவிலேயே தண்ணீர் நின்றது. வெள்ளம் நமக்குத் தெரியும் என்ற நினைப்போடு வராதே. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை மீறியது. சென்னையில் பெரும்பாலும் தேங்கின தண்ணீர். இங்கே அடித்துக்கொண்டு ஓடின தண்ணீர். வயல் சேற்றையும் ஆற்று மணலையும் வீட்டுக்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. அது காய்ந்து இறுகினால் கடப்பாரைதான் போட வேண்டும். ஆகவே வாளி, கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், மண்வெட்டி எல்லாம் உங்கள் செலவில் உங்களோடு வரட்டும். சாப்பாடும் குடிதண்ணீரும் அப்படியே. உதவ வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிற பாரம் அந்த ஊருக்கு வேண்டாம்.

பழைய துணி மூட்டை ஒன்றுகூட ஏற்றாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் மலைபோல் கிடந்தது ஊரார் அனுப்பிய பழந்துணிதான். கட்டிக்கொள்ள ஆளில்லை, அப்புறப்படுத்தத் தனி வேலை.

ஒரு வீட்டுக்குள் போனதும் கையில் கிடைத்ததை வாரி வெளியே எறியக் கூடாது. முதலில் அந்த வீட்டம்மாவிடம் கேள். எது குப்பை, எது இல்லை என்று அவள் சொல்லட்டும். நமக்கு ஊறிப்போன காகிதம். அவளுக்கு அது வீட்டுப் பத்திரம், பிள்ளையின் மார்க் ஷீட், செத்துப்போன புருஷனின் ஒரே போட்டோ. காகிதங்களை நிழலில் தனித்தனியாக விரித்துக் காயப்போடு. பாழான கட்டிலையும் ஃப்ரிட்ஜையும் தெருவுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டுக்காரரைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல். கணக்கெடுப்புக்கு வருகிறவர்களிடம் காட்ட உதவும். வேண்டாம் என்று அவள் சொன்னால், சேறு கிடந்தாலும் வெளியே வந்துவிடு. வேலைக்கு வந்தவன் நீ. வீடு அவளுடையது.

உங்கள் கேமரா அந்த வீட்டு வாசலோடு நிற்கட்டும். ‘இன்ன சபையின் அன்புப் பணி’ என்று பேனர் கட்டுவதும் வேண்டாம். கைப்பிரதியும் கூடாது. உங்கள் சபை ஐயர் வருத்தப்படலாம். பட்டால் பாளையங்கோட்டையில் ஒரு கிழவி சொன்னாள் என்று சொல். பசித்தவன் கையில் பிரசங்கத்தைச் சேர்த்துக் கொடுத்தால் அவனால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவனிடம் சொல்வது சுவிசேஷம் ஆகாது. யாராவது ஜெபிக்கக் கேட்டால் தாராளமாக ஜெபி.

இன்னொன்று. இது கிறிஸ்தவர்கள் நிறைந்த சீமை. நம் சபைக்காரர் வீடு எது என்று காட்ட ஆள் வருவார்கள். அவர்கள் காட்டுகிற வழியில் மட்டும் போனால் பஸ் ரோட்டோரத்து வீடுகளோடு உங்கள் வேலை முடிந்துவிடும். சுனாமி நிவாரணத்தில் தலித் மக்கள் பல இடங்களில் ஒதுக்கப்பட்டார்கள் என்பது எழுதிவைக்கப்பட்ட சங்கதி. காலனித் தெருவிலிருந்து தொடங்குங்கள். அதற்காக மேலத்தெருவில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான் நர்ஸ் வேலை பார்த்தவள் என்பதால் இதையும் கேள். எலி மூத்திரம் கலந்த சேற்றில் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் இருக்கிறவன் சேற்றில் இறங்கவே வேண்டாம். தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்துவிடாதே, விஷப்புகை கிளம்பும். மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் எவனும் குதிக்கக் கூடாது. குவிந்த சாமான்களுக்கு அடியில் பாம்பு இருக்கும். கையை விடுமுன் கம்பால் தட்டு. ஈ.பி. ஆள் பார்க்காத வீட்டில் சுவிட்சைத் தொடாதே.

பாவப்பட்ட ஜனங்களைத் தேற்றப் போகிறோம் என்ற எண்ணமும் வேண்டாம். இந்த வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டபோது, முதலில் சோறாக்கிப் போட்டது சுற்றி இருந்த கிராமத்து ஜனங்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் அப்போது தண்ணீர்தான். அவர்களிடம் நீங்கள் கற்க வேண்டியது இருக்கிறது.

நல்ல சமாரியன் கதையில் பிரசங்கிகள் வேகமாகக் கடந்துபோகிற இடம் ஒன்று உண்டு. அடிபட்டவனைச் சத்திரத்தில் விட்டுப் போகும்போது, மேலே செலவானால் திரும்பி வருகையில் தருகிறேன் என்கிறான். ஜனவரி முடியுமுன் டி.வி. வண்டிகள் போய்விடும். வாழை போன விவசாயிக்குப் புதுக்கன்று வாங்கப் பணம் அப்போதுதான் தேவைப்படும். கடையில் சரக்கை இழந்த ஏரல் வியாபாரிக்கும் அப்படியே. காணிக்கையில் ஒரு பங்கை அதற்கென்று இப்போதே எடுத்துவைக்கும்படி உங்கள் கமிட்டியில் பேசு. ஏப்ரல் லீவில் திரும்ப வருவதற்குத் தேதி குறித்துவிட்டு, அதற்கப்புறம் இந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

உன் அத்தை