நெடுவரிசையை இடம் மாற்றலாமா?

பன்னிரண்டாம் வகுப்பில் வினவல் அமைப்பு மொழி நடத்தும்போது, பாடநூல் அட்டவணையோடு எங்கள் ஊர் அட்டவணை ஒன்றையும் சேர்த்துக்கொள்வேன். கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் உண்டு; எடைச்சீட்டு பார்க்காத பிள்ளைகள் குறைவு. தேதி, எடை, விலை என மூன்று நெடுவரிசைகள் போதும்.

"டீச்சர், சீட்டுல விலைதான் முதல்ல இருக்கு. டேபிள்லயும் அப்படி மாத்த முடியுமா?" என்றாள் ஒரு மாணவி.

மைஎஸ்க்யூஎல்லில் முடியும். ஆல்டர் டேபிள் கட்டளையில் மாடிஃபை என எழுதி, எடை, அதன் தரவு வகை, ஆஃப்டர் விலை என்று முடித்தால் எடை பின்னால் போய்விடும். முதலிடத்துக்குக் கொண்டுவர ஃபர்ஸ்ட். நாட் நல், டிஃபால்ட் போன்றவை முன்பே இருந்தால் அவற்றையும் திரும்ப எழுத வேண்டும். விட்டால் அவை நீங்கிவிடும்.

பைத்தானோடு நாம் பயன்படுத்தும் எஸ்க்யூலைட்டில் இந்த வசதி இல்லை. வேண்டிய வரிசையில் புதிய அட்டவணையை உருவாக்கி, இன்செர்ட், செலக்ட் இரண்டையும் சேர்த்துப் பழைய பதிவுகளை அதில் நிரப்ப வேண்டும். இரண்டிலும் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்தபின் பழையதை நீக்கிப் புதியதற்கு அதன் பெயரைச் சூட்டலாம். பழைய அட்டவணையின் இன்டெக்ஸ், ட்ரிகர்களும் அதனோடு போய்விடும். மறுபடி உருவாக்க வேண்டும். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்புதான் என்பதால் முதலில் அதை நகலெடுத்துக்கொள்வது எளிது.

இதோடு பாடத்தை முடித்திருக்கலாம். ஆனால் உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

இடம் மாற்றிய அட்டவணையில், நெடுவரிசைப் பெயர்களைக் குறிப்பிடாத பழைய இன்செர்ட் கட்டளையையே இயக்கச் சொன்னேன். 120 கிலோ, கிலோ 45 ரூபாய் என்ற பதிவு, 45 கிலோ, கிலோ 120 ரூபாய் என்று ஏறியது. இரண்டும் எண்கள், கணினி எந்தப் பிழையும் காட்டவில்லை. பெருக்கினால் அப்போதும் அதே 5400! மொத்த எடையைக் கூட்டியபோதுதான் பிள்ளைகள் விழித்தார்கள்.

நம் மதிப்பெண் பட்டியலிலும் இதுதான் ஆபத்து. ஆங்கிலம் 28, கணிதம் 62 இடம் மாறினாலும் கூட்டுத்தொகை 90தான். கூட்டலை மட்டும் சரிபார்க்கும் நம் பழக்கம் இதைப் பிடிக்காது. ஆங்கிலத்தில் உதவி தேவைப்படும் பிள்ளை கணிதச் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்த எட்கர் காட், நெடுவரிசை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பயனர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, பெயரால் குறித்தால் போதும் என்றே கருதினார். அதனால் இன்செர்ட்டில் அட்டவணைப் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் நெடுவரிசைப் பெயர்களை எழுதப் பழக்குவோம். பைத்தானில் 1, 2 என்று இட எண்ணால் எடுக்காமல், ரோ ஃபேக்டரியை எஸ்க்யூலைட்3 ரோ என அமைத்துப் பெயரால் எடுக்கச் சொல்லலாம்.

மாணவிக்கு வேண்டியிருந்தது சீட்டின் தோற்றம் மட்டுமே. செலக்ட்டில் நட்சத்திரக் குறிக்குப் பதிலாக விலை, எடை, தேதி என்று எழுதினால் அந்த வரிசையிலேயே வரும். அடிக்கடி வேண்டுமென்றால் வியூவாக வைத்துக்கொள்ளலாம். அட்டவணையைத் தொடவே வேண்டாம்.