காணாமற்போன மாதிரிக் கடிதங்கள்

கேள்வி: தண்டர்பேர்டு மென்பொருளைப் புதுப்பித்த பின், நான் சேமித்து வைத்திருந்த மாதிரிக் கடிதங்கள் ஒன்றையும் காணோம். அழிந்துவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் அழிந்திரா, ஆகையால், மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும் காரியத்தில் அவசரப்பட்டு இறங்காதீர்கள். 2019-இல் வெளிவந்த 68-ஆம் பதிப்பு முதல், தண்டர்பேர்டு தான் நிறுவப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே ஒரு சுயவிவரத்தை ஏற்படுத்திக்கொள்வதால், புதிய பதிப்பு வேறோர் இடத்தில் நிறுவப்பட்டிருக்குமாயின், தங்கள் அஞ்சல்களும் மாதிரிகளும் பழைய சுயவிவரத்தில் க்ஷேமமாக இருக்க, கண்ணுக்குப் புலப்படுவதோ வெறுமையான புதியதொன்றாகவே இருக்கும். உதவிப் பட்டியிலுள்ள பிழைதீர்ப்புத் தகவல் பக்கத்தின் வழியே சுயவிவரங்களின் பட்டியலை அடைந்து, பழையதைத் திறந்து பார்ப்பதே பிரதானமான பரிகாரம்.

அஞ்சல்கள் மட்டும் தெரிந்து மாதிரிகள் தெரியாவிடில், கணக்கு அமைப்புகளில், நகல்களுக்கும் கோப்புறைகளுக்கும் உரிய பகுதியில், மாதிரிகளுக்கென எந்தக் கோப்புறை குறிக்கப்பட்டிருக்கிறதென்று பரிசீலியுங்கள். அது வேறொரு கணக்கைச் சுட்டிக்கொண்டிருப்பது சகஜம்.

நீட்சிகளின் துணையால் ஆக்கிய மாதிரிகளின் விஷயம் வேறு. 2020-இன் 78-ஆம் பதிப்பு பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளை அறவே விலக்கிவிட்டமையால், அந்த நீட்சியின் புதிய வடிவத்தையே தேடி நிறுவ வேண்டும்.

பிரயாசைப்பட்டு எழுதிய வாசகங்களை இழப்பது பெருந்துயரம். அடுத்த முறை புதுப்பிக்குமுன், தண்டர்பேர்டை மூடிவிட்டு, சுயவிவரக் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் அவசியம் நகலெடுத்து வையுங்கள்.