மருந்தை வெல்லும் பாக்டீரியா

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள மீனவர் ஊர் தருவைகுளம். அங்கே கடலில் விடப்படும் வலையை எண்ணிப் பாருங்கள். வலைக்கண்ணை விடப் பருத்த மீன்கள் அகப்படும்; சிறுத்தவை நழுவிவிடும். மீனைச் சிறுக்கச் செய்தது வலையா? இல்லை. முன்பே சிறிதாக இருந்த மீன் தப்பியது, அவ்வளவே. ஆன்டிபயாட்டிக் மருந்துக்கும் பாக்டீரியாவுக்கும் இடையே நடப்பதும் இதுதான்.

"உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சிலர் சொல்வர். உண்மையில் மாறியது உடம்பு அன்று, பாக்டீரியா. ஈ.கோலை என்னும் பாக்டீரியா தக்க சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று, 7 மணி நேரத்தில் 20,97,152 ஆகிவிடும்! ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. அரிதாக அதில் பிழை நேரும். இதுவே திடீர் மாற்றம். மருந்தைத் தாங்கும் மாற்றம், மருந்தைச் சந்திக்கும் முன்பே தோன்றிவிடுகிறது என்பதை 1952-ல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் சோதனையால் காட்டினர்.

மாறிய ஜீன் என்ன செய்யும்?

1. மருந்தைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும்.
2. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும்.
3. மருந்து புகும் வழியைக் குறுக்கும்.
4. மருந்து தாக்கும் உறுப்பின் வடிவை மாற்றும்.

இன்னொரு வழியும் உண்டு. பாக்டீரியாவில் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருக்கும். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது, ஒன்று தன் பிளாஸ்மிட்டின் நகலை மற்றதற்குக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும்!

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. என்.டி.எம்.-1 என்னும் நொதி, கடும் தொற்றுக்குத் தரப்படும் கார்பபெனம் மருந்துகளையும் சிதைக்கவல்லது. இதன் ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருக்கிறது. 2010-ல் கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் எடுத்த 44 பாக்டீரியா மாதிரிகளில் இது காணப்பட்டது. அரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் இருந்தது. ஜீனுக்கு எல்லை ஏது? 2012-ல் மருத்துவர்கள் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை முறைப்படுத்தக் கோரும் "சென்னைப் பிரகடனம்" உருவாக்கினர்.

மாணவர்களே! சாதாரணச் சளி வைரசால் வருவது; அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. வீணாக விழுங்கினால், மருந்தைத் தாங்கும் பாக்டீரியா மட்டும் மிஞ்சிப் பெருகும். ஆகவே மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள். மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். இன்று காக்கும் மருந்து நாளைக்கும் காக்க வேண்டுமல்லவா?