உப்பும் உண்மையும்

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது நம் பழமொழி. ஒருவர் வீட்டில் உண்டுவிட்டு அவர் சமையலைப் பழித்தல் பண்பு அன்று. ஆனால், உணவின் குறை நிறைகளை ஊருக்கு உரைப்பதையே தொழிலாகக் கொண்டவர், விலை கொடாமல் உண்டால் யாது செய்வார்?

கழக்கூட்டத்தில் 1990-இல் டெக்னோபார்க் தோன்றியது. அங்குப் பணிபுரிவோரிலும், அருகே காரியவட்டத்தில் பயிலும் நம்மிலும் வெளியூரார் பலர். எக்கடையில் நல்ல உணவு கிடைக்கும் என்று கேட்க நமக்கு இங்கே அத்தை வீடும் இல்லை. மாமன் வீடும் இல்லை. கைப்பேசியில் காணும் காட்சியே வழிகாட்டி. அக்காட்சிகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிதல் நலம்.

புதிய உணவகம் திறக்குமுன், இன்ஸ்டாகிராம், யூடியூப் பதிவர்களையும் இதழ் எழுத்தாளர்களையும் அழைத்து விருந்தளிக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. கடைக்காரர் தம் கடையை அறிமுகம் செய்தல் வணிக முறையே. அதில் குற்றம் இல்லை. அவ்விருந்தைச் சான்றாகக் கொள்வதே குற்றம்.

அறிவியல் மாணவர் இதனை எளிதில் உணர்வர். நெல்லின் தரம் அறிய, மூட்டையின் பல இடங்களிலிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும். விற்பவரே பொறுக்கித் தரும் ஒரு பிடி நெல் மாதிரி ஆகாது. முன்னோட்ட விருந்து அத்தகைய ஒரு பிடியே. அன்று வந்திருப்பவர் யார் என்பதைச் சமையற்காரர் அறிவார், கூட்டம் குறைவு, பில்லும் இல்லை. சனிக்கிழமை இரவு எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும், கொடுத்த காசுக்கு உணவு தகுமா என்பவை அன்று தெரியா.

1957-இல் நியூயார்க் டைம்ஸ் இதழின் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளேபோர்ன் வேறு வழி கண்டார். தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் ஓர் உணவகத்திற்குப் பன்முறை செல்வது. செலவை இதழே ஏற்பது. இம்முறையே பின்னர் நல்ல உணவுத் திறனாய்வுக்கு இலக்கணம் ஆயிற்று.

நிற்க. எல்லாப் பதிவர்க்கும் அத்தகைய பொருள் வசதி ஏது? உண்மைதான். ஆயினும், மறைக்காமல் சொல்ல இயலும் அன்றோ? இலவசமாகப் பெற்றதை அறிவிக்க வேண்டும் என்னும் விளம்பரத் தர மன்றத்தின் நெறிகள் 2021 ஜூன் 14 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தன. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் இதனை வலியுறுத்தியது. அறிவிப்பு எளிய சொற்களில், பதிவின் மொழியிலேயே, கண்ணுக்குத் தப்பாமல் இருத்தல் வேண்டும் என்றது.

அறிவித்தால் சார்பு நீங்குமா? நீங்காது. ஆனால், வெப்பமானி இரண்டு பாகை கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தால், அதனைக் கழித்துப் படிக்கலாம். தெரியாவிடில் ஏமாறுவோம்.

இங்கு இழப்பு நமக்கு மட்டும் அன்று. விருந்து வைக்க வசதியற்ற தட்டுக்கடைக்காரர், சுவையாகச் சமைத்தும் ஒருவர் கண்ணிலும் படாமல் போகிறார்.

பதிவருக்கு உண்மையில் உப்பிட்டவர் யார்? ஒரு வேளை உணவளித்த கடைக்காரரா? நாள்தோறும் நேரம் ஒதுக்கிப் பார்த்து, அவர் பெயரை வளர்த்த நாமா? உள்ளளவும் நினைக்க வேண்டியவரை அவர் மறவாதிருப்பாராக. நாமும், “இந்த உணவுக்கு விலை கொடுத்தவர் யார்?” என்று கேட்ட பின்னரே பையில் கை விடுவோமாக.