அச்சம் போக்கும் அயலார்

மாந்தர்க்குள்ள அச்சங்களுள் சாவச்சமே தலையாயது என்பர். ஆயினும், நோயுற்றுக் கிடப்போர் அருகில் அமர்ந்து பொறுமையுடன் செவிசாய்த்தவர்கள் கண்டது சற்று வேறானது. சாவுக்கு முன்னர் வரும் வலி, பிறர்க்குச் சுமையாகிவிடுவோமோ என்னும் கவலை, துணையற்ற தனிமை ஆகியவற்றுக்கே பலர் மிகுதியும் அஞ்சுகின்றனர். இவை மூன்றும் மனித முயற்சியால் பெரிதும் தணிக்கத் தக்கவை. இவ்வுண்மையை ஊர்மக்களுக்கே கற்பித்து, அவர்களையே நோயாளர்க்குத் துணையாக்கிய மாநிலம் கேரளம்.

இம்முயற்சிக்கு வித்து வேறிடத்தில் விழுந்தது. செவிலியாகவும் பின்னர் மருத்துவராகவும் பணிபுரிந்த சிசிலி சாண்டர்சு அம்மையார், 1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லத்தை நிறுவினார். வலி முற்றியபின் மருந்து கொடுப்பதினும், அது மீண்டும் தலைகாட்டுமுன்னரே காலந்தவறாது கொடுத்தல் நன்று என்பது அவர் கண்ட நெறி. நோயாளரின் துன்பம் உடலளவில் நிற்பதன்று. மனமும் குடும்பமும் நம்பிக்கையும் அதிற் பங்கு கொள்கின்றன என்றும் அவர் வற்புறுத்தினார்.

கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டில், மருத்துவர்களான இராசகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் கூடி வலி தணிப்புக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். புற்றுநோயின் கடும் வலியைத் தணிக்க வல்லது அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின். இந்தியாவோ அரசின் உரிமம் பெற்று அபினி விளைத்துப் பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்துவந்த நாடு. ஆயினும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல மார்ஃபினைக் கையாளாது விட்டன. விளைத்த நாட்டிலேயே நோயாளர் மருந்தின்றித் துடித்தது வியப்பினும் வருத்தத்துக்கு உரியது. இவ்விடர் தணியுமாறு அச்சட்டம் 2014ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது.

மருந்து கிடைத்தபோதும் குறை ஒன்று நின்றது. எழுந்து நடக்கவியலாதவர் நெடுந்தொலைவு பயணம் செய்து கோழிக்கோட்டை அடைவது எங்ஙனம்? நோயாளர் தம் நாட்களுட் பெரும்பகுதியை இல்லத்திலேயே கழிக்கின்றனர். மருத்துவர் காண்பதோ சில நிமிடங்களே. எனவே 2000ஆம் ஆண்டையொட்டி, மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அயலாரைக் கொண்டே பணி தொடங்கிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக்கூடியவர் எவரும் தொண்டராகலாம். கடைகளில் வைத்த உண்டியல்களில் மக்கள் சில்லறைக் காசு இட்டனர். உழவர், கடைக்காரர், இல்லத்தரசியர், மாணவர் எனப் பலரும் முன்வந்தனர்.

இவர்கள் 16 மணி நேரம் பாடம் கேட்டு, பின்னர் நான்கு நாள் நோயாளர் இல்லங்களுக்கு உடன் சென்று பழகினர். படுக்கைப் புண் வாராமல் நோயாளரை அடிக்கடி திருப்பிக் கிடத்தும் முறையை எளிதிற் கற்றுவிடலாம். பேசும் முறைதான் அரிது. நோயின் பெயரை நோயாளர் அறியலாகாது எனக் குடும்பத்தார் மறைப்பர். அவரோ அதனை முன்னமே உணர்ந்து, குடும்பத்தார் வருந்துவரே எனத் தாம் உணர்ந்ததை மறைப்பார். ஒரே கூரையின்கீழ் இருசாராரும் தனித்தனியே அஞ்சிக்கொண்டிருப்பர். இத்தகைய இல்லத்தில் நுழையும் தொண்டர், ‘ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்’ என்று கூறிவிட்டு எழுந்துவிடல் ஆகாது. உண்மையை வலிந்து திணித்தலும் தகாது. நோயாளர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவர் வாய்மொழியாகவே கேட்டறிந்து, அவர் அழுதால் பேச்சை மாற்றாது உடனிருத்தல் வேண்டும். மருந்தூட்டுவதினும் கடினமான பயிற்சி இது.

கேரள அரசு 2008ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடிச் செல்லலாயினர். குடும்பத்தாரும் அவர்களிடம் பணிவிடை முறைகளைக் கற்றுக்கொள்கின்றனர்.

நோயாளர் மறைந்தபின்னரும் தொண்டர் அவ்வில்லத்துக்குச் செல்வதுண்டு. இரவலாகக் கொடுத்த காற்று மெத்தையைத் திரும்பப் பெறுதல் ஒரு காரணமாக அமையும். மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, வீட்டார் பேசி முடிக்கும்வரை அவர் திண்ணையில் அமர்ந்திருப்பார்.